ஆடிட்டர் ஆபீஸின் மூன்றாம் நம்பர் சிஸ்டம்: நாட்குறிப்பு

2025 ஜூலை 9, புதன்

காலை எட்டு மணிக்கே ஆடிட்டரிடமிருந்து போன். "தம்பி, மூணாம் நம்பர் சிஸ்டம் மறுபடியும் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது. பதினொண்ணாம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 போட்டாகணும்." ஜிஎஸ்டிஆர்-1 என்பது மாத விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டி படிவம்.

தென்காசியில் சாரல் விடாமல் அடிக்கிறது. நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் பார்த்தவர் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மாற்றியிருக்கிறார், ரேம் மாற்றியிருக்கிறார். இரண்டும் புதுசு, பில்லும் இருக்கிறது. கடைசியில் ஃபார்மட் அடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த சிஸ்டத்தில் ஆறு வருட டேலி கணக்கு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான மென்பொருள், இரண்டு பிரிண்டர் அமைப்பு எல்லாம் இருக்கின்றன. காரணம் தெரியாமல் அதைத் துடைத்துப்போட எனக்கு மனம் வரவில்லை. முதலில் டேலி டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்தேன்.

அது ஆஃப் ஆவதில்லை. விண்டோஸ் நீலத்திரை போட்டுவிட்டு, யாரும் படிப்பதற்குள் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. அந்தத் தானியங்கி ரீஸ்டார்ட்டை நிறுத்தினேன். சிஸ்டம் விழும்போது விண்டோஸ் பதிந்து வைக்கும் டம்ப் ஃபைல் இருக்கிறதா என்று மினிடம்ப் ஃபோல்டரைத் திறந்தால் காலி. கொஞ்ச நேரம் குழம்பினேன். அப்புறம் பார்த்தால், வேகம் கூடும் என்று யாரோ பேஜ் ஃபைலையே (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) அணைத்து வைத்திருக்கிறார்கள். சிஸ்டம் விழும் நொடியில் நினைவகத்தில் இருப்பதை விண்டோஸ் முதலில் பேஜ் ஃபைலில்தான் கொட்டும். அடுத்த முறை எழுந்த பிறகுதான் அதை டம்ப் ஃபைலாக எடுத்து வைக்கும். பேஜ் ஃபைல் இல்லையென்றால் தடயமும் இல்லை. அதைத் திரும்பப் போட்டுவிட்டு, வேலையை இரண்டாம் நம்பர் சிஸ்டத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

2025 ஜூலை 11, வெள்ளி

ஜிஎஸ்டிஆர்-1 வேலை வேறு சிஸ்டத்தில் முடிந்துவிட்டது. மூன்றாம் நம்பரில் இரண்டு முறை நீலத்திரை. அங்கே வேலை பார்க்கும் தங்கச்சி இரண்டையும் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தது. இரண்டிலும் ஒரே வாசகம்: 'ட்ரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. ஒரு ட்ரைவர், அதாவது விண்டோஸுக்கு அடியில் ஓடும் ஒரு நிரல், தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கீழே, பழுதான ஃபைல் என்று 'நெட்ஐஓ'.

நெட்ஐஓ என்றதும் நெட்வொர்க் கார்டு என்று முடிவு கட்டி, அதன் ட்ரைவரைப் புதிதாகப் போட்டுவிட்டு வந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். நெட்ஐஓ விண்டோஸின் சொந்த ஃபைல். இன்டர்நெட் போக்குவரத்து முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. சாலையில் விபத்து நடந்தால் சாலையின் பெயர்தான் செய்தியில் வரும்; வண்டி எது என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

2025 ஜூலை 12, சனி

மாலை நான்கு மணிக்கு மறுபடியும் நீலத்திரை. இப்போது மூன்று டம்ப் கையில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்து வந்து, டம்ப்பைப் படிக்கும் வின்டிபிஜி கருவியில் திறந்தேன். மூன்றிலும் அதே பிழை எண், அதே இடம். ரேம் கெட்டிருந்தால் பெரும்பாலும் இன்று ஒரு பிழை, நாளை வேறு ஒரு பிழை என்று மாறி மாறி வரும். இப்படி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் ட்ரைவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இருந்தாலும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கக்கூடாது என்று ஆபீஸிலேயே, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்ட பென்டிரைவைச் செருகி ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறேன்.

2025 ஜூலை 13, ஞாயிறு

மெம்டெஸ்ட்டில் ஒரு பிழைகூட இல்லை. அப்படியானால் ரேம் மாற்றிய செலவு வீண்.

இன்று நிதானமாக ஸ்டாக்கை வரி வரியாகப் படித்தேன். 'இதுதான் காரணமாக இருக்கலாம்' என்று வின்டிபிஜி முதலில் காட்டும் பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. விழுவதற்கு முன் எது எதை அழைத்தது என்ற வரிசை கீழே இருக்கிறது; அதுதான் ஸ்டாக். அந்த வரிசையில் நெட்ஐஓவுக்குப் பக்கத்திலேயே எனக்குத் தெரியாத ஒரு ட்ரைவர் நின்றது. விவரம் கேட்டால் 2018-ல் உருவான ஃபைல். ஒரு ஆன்டிவைரஸ் நிறுவனத்தினுடையது. பெயர் இங்கே வேண்டாம்.

ஆடிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதை எப்பவோ எடுத்தாச்சே தம்பி. நாலு வருஷமா வேற ஒண்ணுல்ல போட்டிருக்கோம்" என்றார். அவர் சொன்னது சரிதான். கன்ட்ரோல் பேனலில் பழையதன் பெயரே இல்லை. அன்இன்ஸ்டால் செய்தபோது மேலே தெரியும் நிரல் போயிருக்கிறது. அடியில் இருந்த ட்ரைவர் தங்கிவிட்டது.

2025 ஜூலை 14, திங்கள்

படிப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சாதாரண நிரல் ஒன்று தப்பு செய்தால் அந்த நிரல் மட்டும் சாகும், சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும். ட்ரைவர் அப்படி இல்லை. அது கெர்னலுக்குள், விண்டோஸின் மையத்திலேயே ஓடுகிறது. அங்கே ஒரு ட்ரைவர் தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டால், மேற்கொண்டு ஓடினால் டிஸ்க்கில் இருப்பதும் கெட்டுப்போகலாம் என்று விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. அதுதான் நீலத்திரை. ஆன்டிவைரஸ் அந்த மையத்தில் உட்கார்ந்தாக வேண்டிய கட்டாயமும் உண்டு. ஒரு ஃபைல் திறப்பதற்கு முன்பே அதைச் சோதிக்க வேண்டும், ஒரு இணையத் தரவு உள்ளே வருவதற்கு முன்பே பார்க்க வேண்டும். அதனால் ஃபைல் வழியில் ஒரு ஃபில்டர், நெட்வொர்க் வழியில் ஒரு ஃபில்டர் என்று வைத்துக்கொள்கிறது.

இன்று அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ட்டில் 'எஃப்எல்டிஎம்சி' போட்டேன். ஃபைல் வழியில் நிற்கும் ஃபில்டர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும், வழியில் அது நிற்கும் இடத்தைச் சொல்லும் ஆல்டிட்யூட் என்று ஒரு எண் உண்டு. ஆன்டிவைரஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒதுக்கியிருப்பது 3,20,000-லிருந்து தொடங்கும் வரிசை. விண்டோஸோடு வரும் டிஃபென்டரின் ஃபில்டர்கூட 3,28,010-ல் இருக்கிறது. இந்த சிஸ்டத்தில் அந்த வரிசையில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபில்டர்கள் நின்றன. ஒரு வாசலுக்கு இரண்டு காவலாளி. அதில் ஒருவர் நாலு வருடமாகச் சம்பளம் இல்லாமல் நிற்கிறார்.

2025 ஜூலை 16, புதன்

பழையதை நீக்கும் நாள். கை வைப்பதற்கு முன் டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் குறியாக்கப் பூட்டு) பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. அதன் 48 இலக்க மீட்புச் சாவி எங்கே இருக்கிறதென்று ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் தேடி, அது சேமிக்கப்பட்டிருந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கண்டுபிடித்து, சாவியை எழுதி ஆடிட்டரின் பீரோவில் வைக்கச் சொன்னேன். துவக்க அமைப்பை மாற்றும்போது விண்டோஸ் திடீரென்று அந்தச் சாவியைக் கேட்கும். இல்லையென்றால் உள்ளே இருப்பதைப் பார்க்க வேறு வழியே கிடையாது.

அப்புறம், அவசியமான ட்ரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் சேஃப் மோட். அந்தப் பழைய நிறுவனமே தன் மென்பொருளை முழுக்கத் துடைக்க ஒரு தனிக் கருவி கொடுக்கிறது. பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் கொடுக்கின்றன. அதை ஓட்டிவிட்டு எஃப்எல்டிஎம்சி போட்டால் பழைய ஃபில்டர் வரிசையில் இல்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

2025 ஜூலை 18, வெள்ளி

மதியம் 12.40-க்கு மறுபடியும் நீலத்திரை. ஆடிட்டர் கோபப்படவில்லை. "இருபதாம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவத்துக்குக் கடைசி நாள் தம்பி" என்று மட்டும் சொன்னார். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

தப்பு எங்கே என்று பேருந்தில் போகும்போதே பிடிபட்டது. எஃப்எல்டிஎம்சி காட்டுவது ஃபைல் வழியில் நிற்பவர்களை மட்டும். நெட்வொர்க் வழியில் நிற்கும் ட்ரைவர் அந்தப் பட்டியலிலேயே வராது. விழ வைத்ததோ நெட்வொர்க் ட்ரைவர். நான் சோதித்தது வேறு வாசலை.

விண்டோஸ் எழும்போது தானாக ஓடுபவற்றைக் காட்டும் ஆட்டோரன்ஸ் கருவியில் ட்ரைவர்ஸ் பகுதியைத் திறந்து, மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்தேன். மிச்சம் வந்த பதினேழு வரிகளில் அது இருந்தது, 2018 தேதியோடு. நேராக ஃபைலை அழித்துவிடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சில ட்ரைவர்கள் கீபோர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு ஆகியவற்றின் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) பதிவில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று தன் பெயரை எழுதி வைத்திருக்கும். பெயர் அங்கே இருக்க ஃபைல் மட்டும் காணாமல் போனால் கீபோர்டு வேலை செய்யாது. டிஸ்க் என்றால் விண்டோஸே எழாது. அந்த இடங்களைத் தேடிப் பார்த்தேன், இது எதிலும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அதன் சர்வீஸ் பதிவில் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக மாற்றினேன். 4 என்றால் முடக்கம்; தவறாகப் போனால் பழைய மதிப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ரீஸ்டார்ட் செய்தேன். எழுந்தது. நெட் வந்தது. ஒரு மணி நேரம் பெரிய ஃபைல்களாக டவுன்லோடு போட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

2025 ஜூலை 19, சனி

நீலத்திரை இல்லை.

இன்றைய தேதியை எழுதும்போதுதான் நினைவு வந்தது. போன வருடம் இதே ஜூலை 19-ல்தான் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. நம் நேரத்துக்குக் காலை 9.39-க்கு அது வெளியானது, 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் விமானங்கள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாறியது ட்ரைவர்கூட இல்லை. கெர்னலில் இருந்த அவர்களுடைய கண்காணிப்பு நிரல் (சென்சார்) படிக்கும் ஒரு தகவல் ஃபைல் மட்டும்தான். 21 உள்ளீடு எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டும் வந்தது. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய் விழுந்தது. சரிசெய்ய எத்தனையோ அலுவலகங்களில் ஒவ்வொரு கணினி முன்னாலும் ஆள் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் இருந்த இடத்திலெல்லாம் 48 இலக்கமும் தேவைப்பட்டது. நான் பார்க்கும் கடைகள், ஆபீஸ்கள் எதிலும் அந்த மென்பொருள் இல்லை. ஆனால் அந்த வேலையைச் செய்த ஆட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. என் கையில் ஒரே ஒரு சிஸ்டம். பத்து நாள் ஆகிவிட்டது.

2025 ஜூலை 20, ஞாயிறு

ஞாயிறானாலும் ஆபீஸ் திறந்திருந்தது. மூன்றாம் நம்பரிலேயே ஜிஎஸ்டிஆர்-3பி எல்லாம் போட்டார்கள். இரவு ஒன்பது மணிக்குத் தங்கச்சி மெசேஜ்: "முடிஞ்சிருச்சுண்ணே, ஒரு தடவகூட நிக்கல."

2025 ஜூலை 22, செவ்வாய்

முடக்கி வைத்திருந்த பதிவை இன்று முழுதாக நீக்கினேன். ஃபார்மட் அடித்திருந்தாலும் மூன்றாம் நம்பர் சரியாகியிருக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த ட்ரைவரின் பெயர் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். பெயர் தெரிந்ததால் மற்ற நான்கு சிஸ்டங்களிலும் ஆட்டோரன்ஸ் ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாம் நம்பரிலும் அதே ஃபைல், அதே 2018 தேதி. அது ஆடிட்டர் வீட்டம்மா வாரத்தில் ஒரு நாள் மட்டும் உட்காரும் சிஸ்டம். "அப்பப்ப நின்னு போகும், நான் கரண்டுன்னு நெனச்சேன்" என்றார். நாளை காலை அதற்கும் சாவியைத் தேடி எடுத்து எழுதி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.