ஒரே பெரியவர், இரண்டு ஆய்வேடுகள்

ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டபோது, நான் இளங்கலை வரலாறு இறுதியாண்டில் இருந்தேன். வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகவே படிக்கலாம், இல்லையேல் ஒன்றைத் தொலைநிலையில் படிக்கலாம் என்பது அதன் சாரம். சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுகலை வரலாற்றில் சேர்ந்த கையோடு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை உளவியலுக்கும் விண்ணப்பித்தேன். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் அப்போது அதில் சேர முடிந்தது. கல்லூரி அலுவலகத்தில் இந்த விதியை யாரும் கேள்விப்பட்டிராததால், வழிகாட்டுதலை அச்செடுத்து இரண்டு முறை கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது.

உளவியலில் ஒப்படைப்புகளுக்கு 30 விழுக்காடு, தேர்வுக்கு 70 விழுக்காடு. ஜூனில் எழுத முடியாத தாளை டிசம்பரில் எழுதலாம் என்ற வசதி இல்லாதிருந்தால், இரண்டில் ஒன்றைக் கைவிட்டிருப்பேன்.

படிப்பின் சுமையைவிட, ஒரு துறையின் பழக்கம் மற்றதில் பிழையாகிவிடுவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. உளவியல் செய்முறையில், கண் ஏமாறுவதை அளக்கும் முல்லர்-லையர் சோதனை ஒன்று. அதில், இரு முனைகளிலும் அம்புக்குறி உள்நோக்கியும் வெளிநோக்கியும் வரையப்பட்ட இரண்டு கோடுகள் சம நீளமாகத் தெரியும்வரை ஒன்றை நகர்த்தச் சொல்லி, எத்தனை மில்லிமீட்டர் தவறியது என்று குறிக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் சோதனைக்கு உட்பட்டவரின் ஊர், தொழில், குடும்பம் என அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வயதையும் பாலினத்தையும் மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் அடித்துவிட்டார் ஆசிரியர். வரலாற்றிலோ, யார், எங்கே, எப்போது சொன்னார் என்று குறிக்காத வாய்மொழிச் சான்றுக்கு மதிப்பே கிடையாது.

இரண்டாம் ஆண்டில், வேலை மிச்சம் என்ற ஆசையில், இரண்டு ஆய்வேடுகளுக்கும் 1964 தனுஷ்கோடிப் புயலின் நினைவுகளையே எடுத்துக்கொண்டேன். வேலை மிஞ்சவில்லை. பாம்பனில் ஒரு பெரியவரைப் பேட்டி கண்டேன். புயலின்போது அவருக்குப் பத்து வயது. டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடிக்கு அருகே பயணிகள் ரயில் கடலில் அடித்துச் செல்லப்பட்ட செய்தியை, அன்றிரவே தன் தந்தை அரிக்கேன் விளக்கோடு வந்து சொன்னதாகவும், விளக்கின் கண்ணாடி ஒரு பக்கம் கீறியிருந்ததாகவும் அவர் சொன்னார். தொடர்புக் கம்பிகள் அறுந்து, பாம்பன் பாலமும் சிதைந்த அந்த இரவில், அச்செய்தி அவர்கள் வீடுவரை எட்டியிருக்க வழியே இல்லை. கன்னிமாரா நூலகத்தில் அந்த வாரத்து நாளிதழ்களைப் புரட்டிய பிறகு, இது காலக்குழப்பம் என்று வரலாற்று ஆய்வேட்டில் அடிக்குறிப்பு போட்டேன்.

உளவியல் ஆய்வேட்டில் அந்தக் குழப்பமே பொருளாயிற்று. பிரிட்டிஷ் உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைத் திரும்பச் சொன்ன ஆங்கிலேயர்கள் சிற்றோடத்தைப் படகாகவும், கடல்நாய் வேட்டையை மீன்பிடிப்பாகவும் தம்மை அறியாமலே மாற்றினார்கள். நினைவு என்பது எடுத்துவைத்த நகல் அன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்பது அவர் முடிவு. பல நாள் கழித்து வந்த செய்தியைப் பெரியவரின் மனம் புயல் இரவுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டது என்று நான் வாதிட்டேன். கீறிய கண்ணாடி அவர் சொன்னதை நம்பவைத்ததே தவிர, தேதிக்குச் சான்றாகவில்லை.

உளவியல் நெறிப்படி அவர் ‘பங்கேற்பாளர் 7’. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது பெயர் வராது என்று விளக்கியதும், “பேரு போடாம என்னத்துக்குத் தம்பி இம்புட்டு நேரம் கேட்டீங்க?” என்றார். வரலாற்று ஆய்வேட்டில் பெயரும் ஊரும் வரும் என்று சொல்லித் தனி ஒப்புதல் பெற்றேன்.

இரண்டும் ஏற்கப்பட்ட பிறகு வரலாற்றுப் பிரதியை அவரிடம் கொண்டுபோனேன். தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடிக்குறிப்பைப் படிக்கச் சொன்னார், படித்தேன். “பேப்பர்ல அவங்களுக்குத் தெரிஞ்ச அன்னைக்குத்தான் போடுவாங்க. எங்கப்பா வந்தது அந்த ராத்திரிதான்” என்றார். திரும்பும் பேருந்தில் அதையும் தேதியிட்டுக் குறித்துக்கொண்டேன்.