சேலை கட்டி நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இன்சோல் உதவுமா?

சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடை திறந்ததிலிருந்து இரவு வரை நிற்கிற வேலை. கிரானைட் தரை, அதிலும் பட்டுப் பிரிவுக்குள் செருப்போடு போகக் கூடாது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில்தான் இடது குதிகாலில் வலி ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் சுரீர் என்று இழுக்கும். கொஞ்சம் நடந்தால் விடும். மதியம் சாப்பிட்டு எழுந்தால் மறுபடியும் அதே சுரீர்.

வீட்டு வைத்தியமெல்லாம் நடந்தது. மாமியார் செங்கல்லைச் சூடாக்கி, எருக்க இலையைப் போட்டு, அதன்மேல் குதிகாலை வைத்து அழுத்தச் சொன்னார். அந்த நேரத்துக்கு இதமாகத்தான் இருந்தது, விடிந்தால் பழைய கதை. கடையில் ஆளாளுக்கு, "எலும்பு வளர்ந்திருக்கும், ஆபரேஷன்தான்" என்று பயமுறுத்தினார்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் நிஜமாகவே குதிகால் எலும்பில் சின்னதாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது.

எலும்பு டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலியே இல்லாத பலருக்கும் இந்த முள் இருக்குமாம். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் தடித்த சவ்வில்தான் கோளாறு என்றார். சீட்டில் 'பிளான்டார் ஃபேசியைட்டிஸ்' என்று எழுதினார். ஊசி போட்டுவிடுங்களேன் என்று கேட்டேன். "போடலாம்மா, வலி சீக்கிரம் குறையும். ஆனா பல பேருக்குத் திரும்பி வந்துடும். அடிக்கடி போட்டா சவ்வு அறுந்துபோற ஆபத்தும் இருக்கு. முதல்ல நடையைப் பார்த்துட்டு வாங்க" என்று ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு பிசியோதெரபி மையத்துக்கு அனுப்பினார்.

நடைப் பரிசோதனைக்குப் போகிற பெண்கள் சேலையோடு போகாதீர்கள். முழங்காலும் அதற்குக் கீழேயும் கேமராவுக்குத் தெரிய வேண்டும். நான் மகளின் முக்கால் பேன்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். தினமும் போடும் பழைய செருப்பையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். அங்கே என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் செருப்பைத்தான் திருப்பிப் பார்த்தார்கள். பொதுவாகக் குதிகாலின் வெளி ஓரம்தான் கொஞ்சம் தேயும். என் இடது செருப்பு உள்பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. இத்தனை நாள் காலில் மாட்டிக்கொண்டு திரிந்தும் அது என் கண்ணில் படவே இல்லை.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போயிருந்தால், பாத வளைவைத் தாங்கச் செருப்புக்குள் வைக்கும் இன்சோல் உரசிப் புண்ணானாலும் தெரியாது, அவர்களுக்குச் செய்யும் முறையே வேறு என்பதால் இந்தச் சோதனை.

அப்புறம் கெண்டைக்காலின் பின்புறமும் குதிகாலிலும் பேனாவால் நேர்கோடு போட்டு, வெறுங்காலில் ட்ரெட்மில்லில் நடக்கவைத்தார்கள். பின்னால் கேமரா. பழக்கமில்லாததால் முதலில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது இயல்பான நடை இல்லை என்று, பழகும் வரை விட்டு, பிறகுதான் படம் எடுத்தார்கள். அதை மெதுவாக ஓட்டிக் காட்டியபோது எனக்கே ஆச்சரியம். வலது காலில் கோடு ஏறக்குறைய நேராக நின்றது. இடது கால் தரையில் பதிந்ததும் குதிகால் உள்பக்கம் சாய, பாத வளைவு அப்படியே அமுங்கிவிடுகிறது. நடக்கும்போது ஒவ்வொரு காலும் சுமார் 60 சதவீத நேரம் தரையில்தான் இருக்குமாம். அவ்வளவு நேரமும் அந்தச் சவ்வு இழுபடுகிறது. போதாததற்குக் கெண்டைக்கால் தசை இறுகிப்போய், குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்புகிறது.

நுனிக்காலில் நிற்கச் சொன்னபோது அமுங்கிய வளைவு திரும்ப எழுந்தது. இதைப் பார்த்துத்தான் பிசியோ சந்தோஷப்பட்டார். எழாவிட்டால் தசைநார் கெட்டுப்போயிருக்கலாம், அல்லது மூட்டே இறுகிப்போன தட்டைப் பாதமாக இருக்கலாம். அப்போது பேச்சே வேறு.

விலை விஷயத்தில் அவர் ஒளிக்கவில்லை. கடையில் கிடைக்கும் இன்சோல் சில நூறு ரூபாய், அளவெடுத்துச் செய்வது சில ஆயிரம். குதிகால் வலியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன, ஷூ போடுகிறவராக இருந்தால் முதலில் ரெடிமேட் போதும் என்றார். என் சிக்கலே அந்த ஷூதான். சேலைக்கு ஷூ போட்டுக்கொண்டு எந்தக் கடையில் நிற்க முடியும்? பின்பக்கம் வார் வைத்த சாண்டலுக்குள்ளேயே இன்சோலை ஒட்டிச் செய்துவிடலாம் என்று அவர்தான் வழி சொன்னார். அதனால் அளவு கொடுத்தேன்.

ஒரு பெட்டியில் கெட்டியான நுரை. நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலைப் பிடித்து அவரே பாதத்தை நேராக அழுத்தினார். தட்டுவடை நொறுங்குவதுபோல நுரை நொறுநொறுவென்று உள்வாங்கி, கால் அச்சு அப்படியே விழுந்தது. நின்றுகொண்டு மிதித்தால் அமுங்கிய வளைவுதான் பதியும் என்பதால் உட்காரவைத்து எடுக்கிறார்கள்.

செய்து வந்ததை முதல் நாள் ஒரு மணி நேரம்தான் போடச் சொன்னார்கள், அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வளைவில் ஏதோ உருண்டை தள்ளுவது போலிருக்கும். அது பழகிவிடும், தோல் சிவந்தாலோ கொப்புளம் வந்தாலோ மட்டும் வந்துவிடுங்கள் என்றார்கள். எனக்கு உள் ஓரம் உரசியது. எடுத்துப் போனதும் இழைத்துக் கொடுத்தார்கள்.

நிஜமான போராட்டம் அதற்குப் பிறகுதான். இன்சோல் காலுக்கு அடியில் இருந்தால்தானே வேலை செய்யும்? நாமோ வீட்டில் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், எனக்கு வேலையிடத்திலும் வெறுங்கால். கடையில் டாக்டர் சீட்டைக் காட்டி, வெளியே போடாத தனி ஜோடி என்று எழுதிக் கொடுத்த பிறகு அனுமதித்தார்கள். வீட்டில் அது செல்லவில்லை. "அடுப்படிக்குள்ள செருப்பா கண்ணு? நல்லாவா இருக்கு?" என்றார் மாமியார். தினமும் கழுவிக் காயவைக்கும், மெத்தென்ற ரப்பரில் செய்த எம்சிஆர் செருப்பு ஒன்று வீட்டுக்கு மட்டும், பூஜை அறைக்கு அதுவும் கிடையாது என்று ஒப்பந்தம் ஆனது.

உட்காரும் விஷயமும் உண்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. எங்கள் தளத்தில் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் எப்போதும் சேலைப் பெட்டி இருந்தது. இப்போது கூட்டம் இல்லாதபோது பெட்டியை இறக்கிவிட்டு உட்காருகிறோம்.

இன்சோலோடு கொடுத்த பயிற்சிகளை விட்டால் பலன் பாதிதான் என்பது என் கணிப்பு. எழுவதற்கு முன் படுக்கையிலேயே கால் விரல்களைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்ட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்துப் படியில் நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். கடைசிப் பயிற்சிதான் சிரமம், ஆனால் எனக்கு அதிகம் கேட்டதும் அதுதான். இரவில் ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டினால் சுகமாக இருக்கும்.

காலை வலி சில வாரங்களில் குறைந்தது, முழுதாக விடப் பல மாதம் ஆனது. தீபாவளி வியாபாரத்தின்போது திரும்ப எட்டிப் பார்த்தது, பயிற்சியைக் கூட்டியதும் அடங்கியது. என்னைப் பார்த்துவிட்டு, இதே வலியோடு இருக்கும் ரெடிமேட்ஸ் பிரிவுப் பெண் என் சாண்டலை ஒரு நாள் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். தரவில்லை. அது என் கால் அச்சுக்குச் செய்தது. அவளுக்கு மையத்தின் முகவரியைக் கொடுத்து, பழைய செருப்பை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.