கழிமுகப் போட்டிக்கு ஒரு டப்பா: கிருஷ்ணகிரியிலிருந்து நாட்குறிப்பு

ஜூலை 6, 2025, ஞாயிறு

மீன்பிடிப் போட்டி 26-ம் தேதி, கடலூர்ப் பக்கம் கழிமுகத்தில். லூர் (பொய் இரை) மட்டும்தான், நிஜ இரை கூடாது. மீனை அளந்து, படம் எடுத்து, உயிரோடு விட வேண்டும். கொடுவாவுக்குத்தான் புள்ளி அதிகம்.

24-ம் தேதி ஆடி அமாவாசை. அது கழிந்து ஓரிரு நாளில்தான் ஏற்றவற்றம் உச்சத்துக்கு வரும். நம் கரையில் உச்சம் என்றாலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான். ஆனால் அத்தனை தண்ணீரும் குறுகலான வாய் வழியாகத்தானே வந்து போக வேண்டும்? இழுப்பு பலமாக இருக்கும். எனக்கு லூரின் நிறத்தை விட ஜிக் ஹெட்டின் (தலையில் ஈயம் வார்த்த கொக்கி) எடைதான் இப்போது பெரிய விஷயம்.

ஜூலை 9, புதன்

டப்பாவைக் கொட்டிப் பிரித்தேன். அணையில் விராலுக்கு வாங்கிய தவளை லூர்கள் தனியே போயின. மெல்லிய கம்பிக் கொக்கி உள்ள ஜிக் ஹெட்களையும் ஒதுக்கிவிட்டேன். கொடுவா திமிறும்போது அவை விரிந்துவிடும். 4 அங்குல ஷேடுக்கு (வால் ஆடும் மெத்தென்ற மீன் வடிவ லூர்) 3/0 அளவில் தடித்த கொக்கி போதும். முனை ஷேடின் முதுகில் பாதிக்குச் சற்று முன்னே வெளிவர வேண்டும். ரொம்பப் பின்னால் வந்தால் வால் ஆடாது.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்குச் செய்த சோதனையை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். 10 லிட்டர் வாளியில் 350 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் கிட்டத்தட்ட கடல்நீரின் அடர்த்தி வந்துவிடும். பக்கத்தில் இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர்.

இழுப்பதை நிறுத்தினால் அதே ஆழத்தில் நிற்கும் மின்னோ (சிறுமீன் வடிவக் கெட்டி லூர்) ஒன்று வைத்திருக்கிறேன், 14 கிராம். நல்ல தண்ணீரில் அசையாமல் நின்றது. உப்பு வாளியில் விட்டதும் மெதுவாக மேலே வந்துவிட்டது. கடல்நீர் நல்ல தண்ணீரை விட இரண்டரை சதவீதம் கனம், அதனால் இந்த மின்னோவுக்கு 0.35 கிராம் அளவுக்குக் கூடுதல் தூக்கு கிடைக்கிறது. முன் கொக்கியின் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியைச் சுற்றினேன். சரியாக நின்றது.

ஈய ஜிக் ஹெட்டில் இந்த வித்தியாசம் தெரியவே இல்லை. ஈயம் தண்ணீரைப் போல 11 மடங்கு கனம். உப்பு அதை என்ன செய்யும்?

அப்புறம் 175 கிராம் உப்போடும் பார்த்தேன். கழிமுகத்தில் ஆற்று நீர் மேலேயும் உப்பு நீர் அடியிலும் கிடப்பது உண்டு. பாதி உப்பில் ஈயம் சுற்றிய மின்னோ மெல்லத் தாழ்ந்தது. அது பரவாயில்லை, கொடுவாவின் முகத்துக்கு நேராக இறங்கட்டும்.

ஜூலை 16, புதன்

40 பவுண்டு லீடர் வாங்கினேன், நூலுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் தடித்த நூல். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி. வெறும் பிரெய்டு (பின்னல் நூல்) அதில் உரசினால் போச்சு.

ஜூலை 20, ஞாயிறு

மாமாவின் மாந்தோப்புக் கிணற்றில் வேலை. தண்ணீர் தெளிவாக இருப்பதால் ஷேட் இறங்குவதை மேலிருந்தே பார்க்கலாம். 3.5 கிராம் தலையோடு ஆடி அசைந்து இறங்குகிறது. 7 கிராமில் வால் நன்றாகத் துடிக்கிறது. 14 கிராமில் கல்லைப் போல விழுகிறது, ஆட நேரமே இல்லை.

மாமா சிறு வயதிலிருந்தே விரால் பிடிப்பவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இரை கீழே போறப்பதான் மாப்ளே அடிப்பான். அவனுக்கு நேரம் குடு” என்றார். கொடுவாவுக்கும் இது பொருந்தும். அது வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும் மீன். லூர் லேசாக இருந்தால் உள்ளே போவதும் சுலபம். ஆகவே தரையை எட்டக்கூடிய எடைகளில் மிகக் குறைந்தது எதுவோ அதுதான் சரியான எடை. நிற்கும் தண்ணீருக்கு 7, ஓட்டத்துக்கு 10, கழிமுக வாய்க்கு நேரே 14.

ஜூலை 25, வெள்ளி

கிளம்பியாயிற்று. திருவண்ணாமலை தாண்டிவிட்டோம். கலங்கலுக்குக் கருப்பு, தெளிவுக்கு வெள்ளி, நிறத்தில் இவ்வளவுதான் எடுத்தேன். கொக்கி முள்களை எல்லாம் நசுக்கிவிட்டேன். விடப்போகிற மீனுக்குக் காயம் குறையும்.

ஜூலை 26, சனி, இரவு

காலையில் வற்றம் வேகமாக ஓடியது. 7 கிராம் தரையைத் தொடாமலே அடித்துக்கொண்டு போனது. 10-க்கு மாறி, ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வீசி, நூலை லேசான இறுக்கத்தில் வைத்து இறங்க விட்டேன். இறங்கும்போதே அடி. 58 செ.மீ. கொடுவா, கொக்கி மேல்தாடையில். அளந்து, படம் எடுத்து, தலையை ஓட்டத்துக்கு நேராகப் பிடித்து விட்டேன், நன்றாகப் போனது.

ஓட்டம் தளர்ந்ததும் மின்னோவைப் போட்டேன். ஒரு பாறை மீன் குஞ்சு மட்டும் வந்தது. முதல் மூன்று இடங்களில் நான் இல்லை.

10-க்கும் 14-க்கும் நடுவில் ஓர் எடை இல்லாமல் வாய்ப் பக்கம் கஷ்டப்பட்டேன். அடுத்த அமாவாசைக்குள் 12 கிராம் வாங்க வேண்டும். கொக்கிகளை எல்லாம் நல்ல தண்ணீரில் அலசித் துணியில் பரப்பியிருக்கிறேன்.