சுண்டைக்காய் கால் பணம்

என் மனைவியின் பால் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்துக்கு ‘கிடார்’ என்று தலைப்பு. முதல் வரியில் 8,500 ரூபாய். அதற்குக் கீழே குட்டி குட்டியாகப் பல வரிகள். அந்தக் குட்டி வரிகளை மட்டும் கூட்டினால் 9,870. அதாவது கிடாரின் விலையைவிட அதற்குச் செய்த வைத்தியச் செலவு அதிகம். கூட்டலுக்கு அடியில் அவள் ஒன்றும் எழுதவில்லை, இரண்டு கோடு மட்டும் போட்டிருக்கிறாள். அந்த இரண்டாவது கோடு எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பாபநாசம் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிடார் வாசிக்கிறேன். நாலே தடித்த கம்பியில் பாட்டுக்கு அடிநாதம் போடுகிற கிடார். திருவிழாக் காலத்தில் மட்டும். மற்ற நாளில் உரக்கடையில் பில் போடுகிற வேலை. என் கிடார், அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் என்கிற மாடலின் நகல். ஒரிஜினல் 1960-ல் வந்தது. அமெரிக்காவில் செய்த புதுசு ஒன்று வாங்குகிற காசில் இங்கே கன்றோடு கறவை மாடே வாங்கிவிடலாம். அதனால் திருச்சியில் ஒரு கல்லூரிப் பையனிடம் பழசாக இந்த நகலை வாங்கினேன். பார்வைக்கு அச்சு அசல். தலைப் பக்கத்தில் பெயர் மட்டும் வேறு.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா எண்ணிப் பார்த்தார். “ஏண்டா, நாலு கம்பிதான் இருக்கு. மிச்சத்த அந்தப் பையன் கழட்டிக்கிட்டானா?”

ஆனால் சிக்கல் கம்பியில் இல்லை, உறுமலில். ஆம்ப்ளிஃபையரில் சொருகியதும் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். இந்தக் கிடாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் இரண்டு. காந்தத்தைச் சுற்றிய ஒற்றைக் காயில்கள்தான். சுற்றுவட்டாரத்துக் கரண்ட் சத்தத்தையும் அவை சேர்த்தே பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. தடித்த கம்பியை மூன்றாவது மெட்டில் அழுத்தி மீட்டினால் வருவது ஜி ஸ்வரம், 49 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட அதே ஸ்ருதி. ஜி-யில் அமைந்த பாட்டு என்றால் நான் வாசிக்கவே வேண்டாம், மின்வாரியமே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு காயில்களையும் ஒன்றுக்கொன்று எதிராக அமைத்திருந்தால், இரண்டு வால்யூமையும் முழுசாகத் திறக்கும்போது ஒன்றின் உறுமலை மற்றது அடித்துவிடும். என்னுடையதில் இரண்டும் ஒரே திசை. அண்ணன் தம்பி சேர்ந்து உறுமினார்கள். சரி என்று நல்ல ஜோடியாக வாங்கி மாற்றினேன். உறுமல் பாதியானது. மிச்சப் பாதிக்கு, உள்குழியில் செம்புத் தகடு ஒட்டச் சொல்லி எங்கள் கீபோர்டுக்காரர் யோசனை சொன்னார்.

செம்புத் தகடுக்கு எங்கே போவது? கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “வியாபாரத்துக்கா, வீட்டுக்கா?”

“கிடாருக்குங்க.”

“பேர் எழுதணுமா? கட்டம் போட்டதும் இருக்கு.”

வெறுந்தகடு போதும் என்று சொல்லி நான்கு வாங்கினேன். ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து, கத்தரியால் வெட்டி, குழிக்குள் ஒட்டி, ஓரங்களில் ஈயம் பற்றவைத்துக் கொண்டிருந்தேன். சாம்பிராணி மாதிரிப் புகை. அந்த நேரம் பார்த்து அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். மரத்துக்குள் தகடு, புகை, தரையில் குனிந்தபடி நான். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார். காலையில் கிடாரின் தலையில் திருநீறு. யாருக்கு யார் வைத்தது என்று இன்றுவரை எலுமிச்சம்பழம் கண்ணில் பட்டாலே விசாரிக்கிறார்.

இதற்கு நடுவில் தஞ்சாவூர் போன கதை. தலைமாட்டில் நான்கு கம்பியும் உட்கார்ந்து போகிற சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதே, நட் என்பார்கள், அதில் ஒரு வரி ஆழமாகித் தடித்த கம்பி ‘கொர்ர்’ என்றது. கிடார் ரிப்பேர் செய்ய வேண்டுமென்றால் சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள். தஞ்சாவூரை வைத்துக்கொண்டு கம்பி வாத்தியத்துக்குச் சென்னையா என்று ரோஷம் வந்து, வீணை செய்கிற ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன்.

அவர் முதலில் விரல் முட்டியால் உடம்பைத் தட்டினார். காதை ஒட்டி வைத்து இன்னொரு தட்டு. “பலா இல்ல.” இல்லை என்றேன். திருப்பிப் பார்த்தார். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் நான்கு ஸ்க்ரூ. “இதென்ன, தண்டிய முடுக்கி வச்சிருக்கான்?” ஒரே பலாக்கட்டையில் ஏகாண்ட வீணை குடைகிற ஊர்க்காரருக்கு அது கண்ணில் மண் விழுந்த மாதிரி. ஒரிஜினலும் அப்படித்தான் ஐயா, கெட்டுப்போனால் கழற்றி மாற்றச் சுலபம் என்றேன். “கெட்டுப்போவும்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான்” என்றார்.

ஆனால் கை பேச்சைப் போல இல்லை. கவராயத்தை வைத்து அகலம் பார்த்தார். “ஒன்றரை இஞ்ச்.” எனக்குப் புல்லரித்தது. ஜாஸ் பேஸின் கழுத்துக்கு அதுதான் கணக்கு. நகல் எடுத்தவன் அங்கே ஏமாற்றவில்லை. வீணையில் கம்பியைத் தாங்குகிற குதிரைக்குப் போடுகிற பித்தளையில் ஒரு துண்டு வெட்டி, கோடு கிழித்து, ஊசி அரத்தால் நாலு இழுப்பு, கம்பியை வைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. மீட்டியபோது ‘கொர்ர்’ போய்க் கோயில் மணி அடித்து ஓய்ந்த மாதிரி ஒரு ரீங்காரம். நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். “இதுக்கு மேல தனியா வாசிக்க என்ன இருக்கு?” என்றும் கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அப்புறம் கம்பியை முறுக்குகிற பிரடை மாற்றினேன், திருகுகள் மாற்றினேன், கம்பி மாற்றினேன். மிச்ச உறுமல் அப்படியேதான் இருந்தது. பக்கத்து வயலில் மோட்டார் போட்டால் இன்னும் உற்சாகம்.

போன சித்திரையில் ஃபேன் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி சும்மா இருக்காமல் கிடார் கம்பியில் டெஸ்டரை வைத்தான். மங்கலாக எரிந்தது.

“அண்ணே, இத்தன நாளா இதத் தொட்டுக்கிட்டா வாசிச்சீங்க?”

“வாசிக்கும்போது விரல்ல சுருக்குனு இருக்கும்ப்பா.”

“என்னன்னு நெனச்சீங்க?”

ஃபீல் வருது என்று நினைத்தேன் என்பதை எப்படிச் சொல்வது.

எர்த் சரியில்லை என்றான். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழியை, கொல்லையில் முருங்கைக்குக் கீழே தோண்டினோம். மண் பொரி மாதிரி காய்ந்து கிடந்தது. கம்பி துருவேறி, இழுத்தால் கையோடு வந்தது. புதுக் கம்பி போட்டு, கல் உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி, ஐந்து குடம் தண்ணீர் ஊற்றினான். உள்ளே போய் ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். சத்தமே இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று ஃபேனைப் பார்த்தேன், சுற்றிக்கொண்டிருந்தது.

ஃபெண்டர் கம்பெனியை ஆரம்பித்த லியோ ஃபெண்டருக்கே கிடார் வாசிக்கத் தெரியாது, ரேடியோ ரிப்பேர் பார்த்தவர் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். “அதான் உருப்படியா செஞ்சிருக்காரு” என்று ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டான்.

உப்பு, கரி, கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 460 ரூபாய். ‘கிடார்’ பக்கத்தில் இடம் இல்லாததால் மனைவி அதற்கு முந்தைய பக்கத்துக்குத் திரும்பியிருக்கிறாள். அம்மா மட்டும் சாயங்காலம் அரிசி களைந்த தண்ணீரோடு கொல்லை வாசலில் நின்று குரல் கொடுப்பார்: “டேய், இன்னிக்கு வாசிப்பியா? முருங்கைக்கு ஊத்தவா, ஒன் குழிக்கு ஊத்தவா?”