முதல் வால்வின் கயிறு

மூன்று வாரமாக ஃபிரெஞ்ச் ஹார்ன் என்ற என் பித்தளை ஊதுகருவியில் டி, எஃப், பி பிளாட் ஸ்வரங்கள் மூன்றும் சளி பிடித்த குரலில் வந்தன. உதட்டில்தான் கோளாறு என்று நினைத்து, தினமும் கால் மணி நேரம் நீள ஊதிப் பழகினேன். மாறவில்லை. போன சனிக்கிழமை, விரல் விசையை முதல் வால்வோடு (காற்றைக் கூடுதல் குழாய்க்குத் திருப்பி ஸ்வரத்தை மாற்றும் பகுதி) இணைக்கும் கயிறு அறுந்தது. அப்போதுதான் உறைத்தது: எஃப் பக்கத்தில் (ஹார்னின் இரண்டு குழாய்த் தொகுதிகளில் நீளமானது) அந்த மூன்றுமே முதல் வால்வை மட்டும் அழுத்தி எடுக்கிற ஸ்வரங்கள்.

அன்று மாலை வேறு கயிறு கையில் இல்லை. சரி என்று வால்வைத் தொடாமலே ஊதினேன். சுமார் 12 அடி நீளக் குழாய். கீழே ஸ்வரங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. மேலே போகப் போக நெருங்கி, எட்டாவது ஹார்மானிக்குக்கு (உதட்டை மட்டும் மாற்றி ஒரே குழாயில் எடுக்கும் ஸ்வர வரிசையில் எட்டாவது) மேல் கிட்டத்தட்ட படிவரிசையாகவே கிடைக்கின்றன. மொஸார்ட் காலத்தில் வால்வே கிடையாது. இடையில் விடுபட்டதை எல்லாம் பெல்லுக்குள் (ஹார்னின் அகன்ற வாய்) வலது கையைத் திறந்து மூடித்தான் எடுத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மறுநாள், மீன் பிடிக்கப் பயன்படுத்தும் பின்னல் நூல் வாங்கி வந்தேன். முனையில் முடிச்சுப் போட்டு, விசைக்கம்பியின் துளையில் நுழைத்து, ரோட்டரின் (வால்வுக்குள் சுழலும் உருளை) தலையை ஒரு பக்கமாகச் சுற்றி, அங்குள்ள சிறிய ஸ்க்ரூவில் வளைத்து, மறுபக்கமாகச் சுற்றிக் கம்பியின் நுனி ஸ்க்ரூவில் இறுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் 8 போன்ற வடிவம். முதல் தடவை சுற்றின் திசை மாறிப்போய், விசை அசையவே இல்லை. இரண்டாவது தடவை சரியாக வந்தது. ரோட்டரின் ஸ்க்ரூவை முழுதாக இறுக்கும் முன் மூன்று விசைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் வால்வின் மூடியைக் கழற்றினேன். உள்ளே தகட்டில் இரண்டு கோடு, ரோட்டரின் தண்டில் ஒரு கோடு. விசையை விட்டால் ஒன்றோடும், அழுத்தினால் மற்றதோடும் நேராக நிற்க வேண்டும். அழுத்தியபோது ஒரு மில்லிமீட்டர் தாண்டிப் போயிருந்தது. ரோட்டரைத் தடுத்து நிறுத்தும் கார்க் நசுங்கித் தேய்ந்திருக்கிறது. துளைகள் நேருக்கு நேர் சேராததால் காற்று இடறியிருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் தடித்த நியோப்ரீன் ரப்பர் துண்டு வைத்து, கோடு சேரும்வரை பிளேடால் மெல்ல மெல்லச் சீவினேன். அரை மணி நேர வேலை.

எஃப் ஊதியதும் சிரித்துவிட்டேன். அவ்வளவு திறந்த ஒலி. பி பிளாட் அதைவிட அருமை.

மேல் ஏ இன்னமும் பத்துக்கு மூன்று தடவை உடைகிறது. அது கார்க்கின் குற்றமில்லை. அந்த உயரத்தில் அடுத்த ஹார்மானிக் ஒரு முழு ஸ்வரம்கூடத் தள்ளி இல்லை. ஊதுவதற்கு முன் மனதுக்குள் பாடிவிட்டு ஊதினால் பிடிபடுகிறது. இந்த வாரம் அதுதான் பயிற்சி. மூன்றாவது வால்வின் கோடுகளையும் பார்க்க வேண்டும். மிச்ச நூலைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.