நெட்டியும் வாழைநாரும்

ஜனவரி 6, 2025

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பீடம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் எனத் தனித்தனியே வார்க்கப்பட்டு, மரை வைத்துப் பூட்டப்படுகிறது. கழற்றி அனுப்பலாம் என்றாலும் வழியில் முதலில் அடிபடுவது அன்னத்தின் அலகும் வாலும்தான். காவிரி வண்டலில் அச்செடுத்து, அரம் போட்டு, மெருகேற்றிய பித்தளையைத் தெர்மாகோல் நுரைக்குள் அடைத்து அனுப்புவது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதற்கு மாற்றாக நெட்டியில் ஒரு பொதியுறையை வடிவமைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

நெட்டி, குளத்திலும் நீர் தேங்கும் தாழ்வுகளிலும் வளரும் செடி. தாவரவியலில் அதற்கு ஏஸ்கினோமினி ஆஸ்பெரா என்று பெயர். பழுப்புத் தோலைச் சீவிவிட்டால், காற்றறைகள் நிறைந்த வெண்ணிறத் தண்டு கிடைக்கும். ஆங்கிலேயர் அணிந்த சோலா தொப்பியும், வங்காளத்து மணமகன் சூடும் மகுடமும் இதே தண்டால் ஆனவை. தஞ்சாவூரில் இதைக் கொண்டு பெரிய கோயிலின் மாதிரியைச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். இந்த வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எடையின்மைக்காகவும் வெண்மைக்காகவும் போற்றப்படும் இந்தத் தண்டு அடியையும் தாங்குமா என்பதே என் கேள்வி.

ஜனவரி 11

நெட்டி வேலை செய்யும் பெரியவர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் காலை முழுவதும் இருந்தேன். அவர் கத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு தண்டை உருட்டுகிறார். தோல் ஒரே சுருளாகக் கழன்று விழுகிறது. கத்தியின் கூர் சற்று மழுங்கினாலும் வெட்டுமுகம் நொறுங்கிப் பொடி உதிர்வதால், சில துண்டுகளுக்கு ஒருமுறை கல்லில் தீட்டிக்கொள்கிறார்.

“படுக்க வெச்சு அமுக்காதீங்க தம்பி, வடு விழுந்தா எழும்பாது” என்றார். தண்டை நீளவாக்கில் பிளந்த பட்டைகளில் விரல் நகம் பட்ட இடம்கூடப் பள்ளமாகவே நின்றுவிட்டது. குறுக்கே வெட்டிய வில்லைகளை நிறுத்தி வைத்து அழுத்தியபோது அவை உறுதியாகத் தாங்கின. செடி நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்பதற்காக வளர்த்துக்கொண்ட வலு, தண்டின் நெடுக்குவாட்டத்தில்தான் இருக்கிறது. எனவே விளக்கின் எடை எந்தத் திசையில் இறங்குகிறதோ, அந்தத் திசையிலேயே தண்டும் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஜனவரி 18

புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய வில்லைகள் ஈரத்தை உறிஞ்சி நெளிந்துவிட்டன. பசையே இல்லாமல் அவற்றைக் கோக்கும் வழியைத் திருவையாற்றில் கண்டேன். தியாகராஜர் ஆராதனைக் கூட்டத்தில் நிற்க இடமில்லாத தெருவில், ஒரு பூக்கார அம்மா வாழைநாரால் சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நடுவே ஒரு சுருக்கு. காம்பு நசுங்குவதுமில்லை, பூ நழுவுவதுமில்லை.

“நாரை நனைச்சுக்கிட்டுத் தொடுங்க தம்பி, காஞ்சதும் தானா நிக்கும்” என்று சொல்லி, என் கையில் ஒரு நாரைக் கொடுத்து முடிச்சைப் போட்டுக் காட்டினார்.

ஜனவரி 27

மெல்லிய நார் நெட்டியை அறுத்ததால், அகலமாகக் கிழித்த நாரைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு வில்லையின் விளிம்பிலும் ஒரு பள்ளம் செதுக்கி, அதில் நார் படியும்படி தொடுத்தபோது, வளைந்து கொடுக்கும் நீண்ட சரம் ஒன்று உருவானது. அன்னத்தின் கழுத்தைச் சுற்றி வரும் வில்லைகளை மட்டும் சிறியதாக வெட்டினேன். அன்னத்தைச் சரத்தால் சுற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுத் திறந்தபோது, ஓரத்து வில்லைகள் நசுங்கியிருந்தன. அலகு நேராக இருந்தது. நசுங்கியவற்றை மட்டும் அவிழ்த்து வேறு வில்லைகளைத் தொடுக்க முடிவது, வார்ப்பாக வரும் நுரைக்கு இல்லாத வசதி.

பிப்ரவரி 9

பெரியவரிடம் சரத்தைக் காட்டினேன். கோயில் மாதிரிகளுக்கு வெட்டி மிஞ்சும் குட்டைத் துண்டுகளே இதற்குப் போதும் என்று அவர்தான் சொன்னார். நல்ல தண்டைப் பொதியுறைக்காகச் செலவிடுவதில் எனக்கிருந்த தயக்கம் அதனால் நீங்கியது. அடுத்து சுவாமிமலையில் வார்க்கும் நடராசர் சிலையின் திருவாசியை, அதாவது சிலையைச் சுற்றியுள்ள சுடர் வளையத்தை, எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒவ்வொரு சுடருக்கும் தனித்தனி அளவில் வில்லை வேண்டும் என்பதால், முதலில் சுடர்களின் இடைவெளிகளை அளந்து வரைய வேண்டும்.