50-0, 49-0, 174-19-6: குத்துச்சண்டைப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்த அனுபவம்

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரரை அறிமுகப்படுத்தும்போது பெயருக்கு அடுத்தபடியாக வெற்றி, தோல்வி, சமன் என்ற எண்களைத்தான் சொல்வார்கள். ஃபிளாய்ட் மேவெதர் 50-0, ராக்கி மார்சியானோ 49-0, ஜோ லூயிஸ் 66-3, முகமது அலி 56-5. இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று வாதிடுவோர் ஏராளம். எண்களுக்குள் இருக்கும் ஒவ்வொரு போட்டியையும் தனித்தனியே எடுத்து வைத்தால் அந்த வாதம் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆவல். ஆகவே எக்செல்லில் ஓர் அட்டவணை தொடங்கி, ஒரு போட்டிக்கு ஒரு வரி என்ற கணக்கில் நிரப்பி வருகிறேன். வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. இதுவரை கண்டதை எழுதி வைக்கிறேன்.

தேதி, இடம், எதிராளி, முடிவு, முடிந்த சுற்று ஆகிய பத்திகளோடு தொடங்கினேன். இவற்றை வைத்து உடனே கணக்கிடக்கூடியது நாக் அவுட் விகிதம், அதாவது எதிராளி தொடர்ந்து ஆட முடியாமல் போய், சுற்றுகள் முடியுமுன்னே கிடைத்த வெற்றிகளின் பங்கு. மார்சியானோவின் 49 வெற்றிகளில் 43 நாக் அவுட். அதாவது ஏறத்தாழ 88 சதவீதம். மேவெதரின் 50-இல் 27. அதாவது 54 சதவீதம். மிகக் கனமான எடைப் பிரிவான ஹெவிவெயிட் வீரரின் அடிக்கும் அதைவிட மிகக் குறைந்த எடைப் பிரிவான வெல்டர்வெயிட் வீரரின் அடிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாண்டி இந்த விகிதம் பெரிதாக எதையும் சொல்லவில்லை. எனவே எதிராளியின் அன்றைய வயது, அன்றுவரை அவர் பெற்றிருந்த பதிவு என்று மேலும் இரண்டு பத்திகளைச் சேர்த்தேன். அட்டவணை பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மேவெதரின் 50-ஆவது வெற்றி 2017 ஆகஸ்ட் 26 அன்று லாஸ் வேகஸில் கானர் மெக்ரிகருக்கு எதிராகக் கிடைத்தது. மெக்ரிகர் கலப்புத் தற்காப்புக் கலையில் பெரிய சாம்பியன். ஆனால் அன்றுவரை ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைகூட ஆடாதவர். அந்த வரியில் எதிராளியின் பதிவு 0-0 என்று நிற்கிறது. அதே அட்டவணையில் சில வரிகள் மேலே போனால், 2013 செப்டம்பரில் மேவெதர் வென்ற சால் கனேலோ அல்வாரஸின் பதிவு 42-0-1 என்று இருக்கிறது. இரண்டையும் ஒரே மதிப்புள்ள வெற்றிகளாகக் கூட்டித்தான் 50 என்கிறோம். மார்சியானோ 1951-இல் ஜோ லூயிஸை எட்டாவது சுற்றில் வீழ்த்தியபோது லூயிஸுக்கு வயது 37. உச்சத்திலிருந்த லூயிஸ் அவர் அல்லர் என்பதை அந்த ஒரு பத்தியே காட்டிவிடுகிறது.

வயதுப் பத்தியை நிரப்பிய பிறகு செய்து பார்த்த ஒப்பீடுதான் இந்த முயற்சியில் எனக்கு மிகவும் நிறைவளித்தது. மார்சியானோ 1923 செப்டம்பரில் பிறந்தவர். 1956 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தபோது வயது 32. அதற்குப் பிறகு அவர் ஒரு தொழில்முறைப் போட்டியும் ஆடவில்லை. ஆகவே மற்றவர்களின் பதிவுகளையும் அவர்களின் 33-ஆவது பிறந்தநாளில் கோடு கிழித்து நிறுத்திப் பார்த்தேன். லூயிஸின் மூன்று தோல்விகளில், 1936-இல் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் தோற்ற ஒன்று மட்டுமே கோட்டுக்கு முன்னால் வருகிறது. அதற்கும் 1938-இல் முதல் சுற்றிலேயே பதிலடி கொடுத்துவிட்டார். அலியின் ஐந்து தோல்விகளில் ஜோ ஃபிரேசியரிடம் 1971-இலும் கென் நார்ட்டனிடம் 1973-இலும் தோற்ற இரண்டு மட்டுமே முன்னால் வருகின்றன. அந்த இருவரையும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அவர் திரும்ப வென்றிருக்கிறார். லியோன் ஸ்பிங்க்ஸ், லாரி ஹோம்ஸ், டிரெவர் பெர்பிக் ஆகியோரிடம் தோற்ற மூன்றும் அவருடைய 36 வயதுக்கும் 39 வயதுக்கும் இடையில் நேர்ந்தவை. வியட்நாம் போருக்கான படைச்சேர்ப்பை மறுத்ததற்காக 1967 முதல் 1970 வரை, 25 வயதிலிருந்து 28 வயது வரை, அவர் மேடை ஏற முடியாமல் போனது எந்தப் பத்தியிலும் வராது. அதற்கென்று நான் அட்டவணையில் வெற்று வரிகளை விட்டு வைத்திருக்கிறேன்.

இதே கோடு மேவெதருக்குச் சாதகமாகவும் அமைகிறது. 2010 பிப்ரவரியில் அவருக்கு 33 வயது நிறைந்தபோது பதிவு 40-0. மீதிப் பத்து வெற்றிகளும் அதன் பின்னர் வந்தவை. அவற்றில் ஷேன் மோஸ்லி, மிகேல் கோட்டோ, கனேலோ, மேனி பக்கியாவ் ஆகியோர் அடங்குவர். மெக்ரிகர் வரியை மட்டும் காட்டி மேவெதரைக் குறைத்துப் பேசுவோர், மார்சியானோ ஓய்வெடுத்த வயதுக்குப் பிறகு இவர் கடந்து வந்த இந்தப் பட்டியலையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்து சுகர் ரே ராபின்சனிடம் வந்தேன். 174 வெற்றி, 19 தோல்வி, 6 சமன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தோல்வி காணாதவர்கள் பக்கத்தில் 19 என்ற எண் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பத்தொன்பதில் மூன்று மட்டுமே 1952 இறுதியில் அவர் முதன்முறை ஓய்வு பெறுவதற்கு முன் நேர்ந்தவை. மற்ற 16 தோல்விகளும் 1955-இல் அவர் திரும்பி வந்து 1965 வரை, 44 வயது ஆகும்வரை, ஆடிய காலத்தைச் சேர்ந்தவை.

அந்த முதல் மூன்று தோல்விகளை அருகில் சென்று பார்ப்பது தகும். முதலாவது, 40 வெற்றிகளோடு வந்த ராபின்சனை 1943 பிப்ரவரி 5 அன்று டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டா வென்றது. லமோட்டா அன்று ஏறக்குறைய 16 பவுண்டு அதிக எடையில் இருந்தார். பிப்ரவரி 19 அன்று ராபின்சன் வேறொருவருடன் மோதி வென்றார். பிப்ரவரி 26 அன்று மீண்டும் லமோட்டாவைச் சந்தித்து வென்றார். மூன்று வாரத்தில் மூன்று போட்டி. 2013 முதல் 2015 வரையிலான மூன்று ஆண்டுகளில் மேவெதர் ஆடியவை மொத்தமே ஆறு. இதைப் பார்த்த பிறகு, முந்தைய போட்டியிலிருந்து எத்தனை நாள் இடைவெளி என்ற பத்தியையும் சேர்த்துவிட்டேன். காலங்களுக்கு இடையிலான வேறுபாட்டை இந்தப் பத்தியைப் போல் வேறெதுவும் காட்டுவதில்லை. அந்த முதல் தோல்விக்குப் பின் 1951 ஜூலையில் லண்டனில் ராண்டி டர்பினிடம் தோற்கும்வரை ராபின்சன் 91 போட்டிகளில் தோல்வியே காணவில்லை. டர்பினையும் 64 நாட்களில் நியூயார்க்கில் பத்தாவது சுற்றில் நிறுத்தி வென்றார்.

மூன்றாவது தோல்விதான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 1952 ஜூன் 25, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் சாம்பியனான ராபின்சன், தம்மைவிடச் சுமார் 15 பவுண்டு அதிக எடையுள்ள ஜோயி மாக்சிமுடன் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதினார். மேடையின் மீது வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. பத்தாவது சுற்றோடு நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன் தளர்ந்துபோய் வெளியேற, வேறொரு நடுவர் மேடை ஏறினார். மதிப்பீட்டாளர்கள் சுற்றுதோறும் தனித்தனியே வைத்த மூன்று புள்ளிக் கணக்குகளிலும் முன்னணியில் இருந்த ராபின்சன், 13-ஆவது சுற்று முடிந்து மூலையில் அமர்ந்தவர், அடுத்த சுற்றுக்கு எழ முடியவில்லை. ஏறத்தாழ 200 போட்டிகளில் அவர் நேரம் முடியுமுன் தோற்றது அந்த ஒருமுறைதான். பதிவேட்டில் இது மற்ற எந்தத் தோல்வியையும் போல ஒற்றை வரி. வெயிலுக்கு அங்கே இடமில்லை. குறிப்பு என்ற ஓர் அகலமான பத்தியை இந்த ஒரு போட்டிக்காகவே திறந்தேன்.

சுற்று எண்ணிக்கையை நிரப்பும்போது எதிர்பாராத ஒன்று தட்டுப்பட்டது. அந்நாளில் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகள். 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியுடன் மோதி 14-ஆவது சுற்றில் வீழ்ந்த கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் உயிரிழந்ததைத் தொடர்ந்து, பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. இப்போது 1952 செப்டம்பர் 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில் மார்சியானோ உலகப் பட்டம் வென்ற போட்டியைப் பாருங்கள். முதல் சுற்றிலேயே கீழே விழுந்த அவர், 12 சுற்றுகள் முடிந்தபோது மூன்று புள்ளிக் கணக்குகளிலும் ஜெர்சி ஜோ வால்காட்டுக்குப் பின்னால் இருந்தார். 13-ஆவது சுற்றில் விழுந்த ஒரே வலதுகைக் குத்தால்தான் பட்டம் கைமாறியது. லூயிஸும் 1941 ஜூனில் பில்லி கானுடன் மோதியபோது 12 சுற்றுகளின் முடிவில் இரண்டு கணக்குகளில் பின்தங்கி, ஒன்றில் சமமாக இருந்து, 13-ஆவது சுற்று முடிய இரண்டு நொடிகளே இருந்த நிலையில் நாக் அவுட் செய்தார். இன்றைய விதிப்படி இரு போட்டிகளும் அதற்கு முந்தைய மணியோடு முடிந்திருக்கும். 49-0 என்ற புகழ்பெற்ற எண்ணும் இருந்திருக்காது. மார்சியானோவின் பெருமையை இது குறைப்பதாக நான் கருதவில்லை. பதினைந்து சுற்றுக்கு உடலைத் தயாரித்து வந்தவர் அதற்கேற்பத்தான் ஆடுவார்.

நொடிக் கணக்கில் பதிவு மாறிய இன்னொரு வரி ஹூலியோ செசார் சாவேஸுடையது. 1990 மார்ச் 17 அன்று மெல்ட்ரிக் டெய்லர் இரண்டு புள்ளிக் கணக்குகளில் முன்னணியில் இருந்தபோது, கடைசிச் சுற்று முடிய இரண்டு நொடி மீதமிருக்கையில் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் போட்டியை நிறுத்திச் சாவேஸுக்கு வெற்றி அளித்தார். டெய்லர் பட்ட அடிகளைக் காணொளியில் பார்த்தபின் அந்த முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது. 1993-இல் பெர்னல் விட்டேக்கருடன் சாவேஸுக்குக் கிடைத்த சமன் அப்படியன்று. சுற்றுச் சுற்றாகப் பார்த்தபோது அது விட்டேக்கரின் வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை. அட்டவணையில் அதிகாரபூர்வ முடிவை மாற்றாமல் பக்கத்தில் என் கருத்தைக் குறித்திருக்கிறேன்.

அட்டவணைக்குள் அடங்க மறுப்பவையும் உண்டு. 1910-களில் அமெரிக்காவின் பல மாநிலங்களில், இறுதிவரை இருவரும் நின்றால் வெற்றியாளரை அறிவிக்கச் சட்டம் இடம் தரவில்லை. மறுநாள் நாளிதழில் செய்தியாளர் எழுதியதே முடிவாகக் கொள்ளப்பட்டது. 1922-இல் ஜீன் டன்னிக்கு அவருடைய வாழ்நாளின் ஒரே தோல்வியைத் தந்த ஹாரி கிரெப், அதிகாரபூர்வக் கணக்கில் நூறைச் சற்றே தாண்டிய வெற்றிகள் உடையவர். நாளிதழ் முடிவுகளையும் சேர்த்தால் இருநூற்றைம்பதைத் தாண்டுகிறார். எனவே அவருக்கு மட்டும் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். அலி 1980-இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் ஆடியது காட்சிப் போட்டி என்பதால் பதிவில் இல்லை. அதே எல்லிஸை அவர் 1971-இல் ஹூஸ்டனில் வென்றது இருக்கிறது.

இப்போது வில்லி பெப்பின் 241 போட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறேன்: 229 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். இவருக்கு வயதுக் கோட்டைவிட 1947 ஜனவரியில் அவர் சிக்கிக்கொண்ட விமான விபத்தே பொருத்தமான கோடு என்று முடிவு செய்திருக்கிறேன். விபத்துக்கு முன் இருந்த தோல்வி சாமி ஆங்காட்டிடம் 1943-இல் நேர்ந்த ஒன்றுதான். சாண்டி சாட்லரிடம் தோற்றவை உட்பட மீதிப் பத்தும் அதற்குப் பின்னால் வருகின்றன. சாட்லருடன் ஆடிய நான்கு போட்டிகளையும் சுற்று வாரியாக எழுதி முடித்ததும், ராபின்சனின் தாளுக்குப் பக்கத்தில் பெப்பின் தாளை வைத்து நாள் இடைவெளிப் பத்தியை ஒப்பிடுவதே அடுத்த வேலை.